மேல்கண்ணுக்கு ஒரு வாய்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட, முழங்கால் முழங்காலில் இடித்தாலும் பரவாயில்லை. உட்கார முடிகிறதே என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொண்டே உட்காருங்கள், ஏனென்றால் உட்காருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு மனுசன் உட்கார வேண்டுமென்றால் அவனைக் கீழே இழுத்துப் பிடிக்கிற ஒன்று அவனுக்குள் இருக்க வேண்டும், அது இல்லாமல் போன ஒரு வருசத்தை எங்கள் ஏழிலைப்பட்டி பார்த்திருக்கிறது.

ஏழிலைப்பட்டி பெருங்கரட்டு மலையின் முதுகில் இருக்கிற ஊர். சாமையும் கேழ்வரகும் விதைக்கக் கொஞ்சம் கொல்லை, அதைச் சுற்றி எங்கள் எல்லாருக்கும் முந்திப் பிறந்த வனம். அந்த வனத்தை எடை போட ஒரு பெண் வந்தாள். நாகர்கோவில் பக்கம், மெர்லின் என்று பேர், தன் தலையைவிடப் பெரிய தொப்பி போட்டிருப்பாள். ஜீப்பில் வனக்காவலரோடு வந்து இறங்கி, ஊர் நடுவில் நின்று, கும்பிட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள், அதனால் எங்களுக்கு அவளைப் பிடித்துப்போனது.

"வானத்துல ஒரு மிஷின் சுத்திக்கிட்டு இருக்குங்க. அது இந்தக் காட்டைப் படம் பிடிக்குது. அந்தப் படத்தை வச்சு, காட்டோட மொத்த எடை என்ன, போன வருசத்துக்கு இந்த வருசம் கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு பாப்போம்."

ஊர்க்கவுண்டர் சடையாண்டி காதைத் திருப்பிக் கேட்டார். "எடையா? இத்தனை மரத்தையும் தூக்கி வைக்கத் தராசு எங்கம்மா இருக்கு?"

"தூக்க வேண்டாங்க ஐயா. கொஞ்சம் மரத்தை மட்டும் நெஞ்சு உயரத்துல டேப்பு போட்டு அளப்போம். அதையும் படத்தையும் பொருத்திட்டா, மிச்சத்தை மிஷினே பாத்துச் சொல்லிடும்."

"பாத்தே சொல்லிடுமா! அப்ப நம்ம சந்தையில கோழி விக்கிறவன் மாதிரி," என்றான் எதற்கும் கிண்டல் பேசுகிற தீர்த்தன். ஊரே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

சடையாண்டி மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் மலையில் உயிருள்ள உடம்புக்கு அளவெடுக்க மாட்டோம். செத்தவர்களுக்குக் குழி வெட்டத்தான் கயிறு போட்டு அளப்போம். அதைச் சொன்னார். "சட்டை தைக்க அளவு குடுப்பீங்கல்ல?" என்று வனக்காவலர் கேட்டார். "அது துணிக்கு எடுக்கிற அளவு சாமி," என்றார் சடையாண்டி. மெர்லின் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் வந்த வேலை என்று ஒன்று இருக்கிறதே, டேப்பை எடுத்துக்கொண்டு போய் வேங்கையையும் நாவலையும் வாகையையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி அளந்துவிட்டு, நம்பர் போட்ட சின்னத் தகரத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டுவிட்டு இறங்கிப் போனாள். டேப்பினால்தான் வந்தது என்று பாதி ஊர் சொல்லும், மேலே இருந்த கண்ணினால்தான் வந்தது என்று மீதி ஊர் சொல்லும், அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. வந்தது வந்ததுதான்.

மாசி பிறந்த வாக்கில், குப்பாயி விறகு வெட்டிக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். பாதி வழியில், கழுத்து வலிக்கவில்லையே என்று தோன்றியது. கட்டு எங்கேயோ விழுந்துவிட்டது போல என்று தலைக்கு மேலே கையை வைத்துத் தடவினாள், இருந்தது. சும்மாட்டை எடுத்துவிட்டு வெறுந்தலையில் வைத்துப் பார்த்தாள், ஒரு கொக்கு வந்து நின்றால் எவ்வளவு கனக்குமோ அவ்வளவுதான் கனத்தது. அவள் கத்தவும் இல்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. திரும்பி ஏறிப்போய் இன்னும் இரண்டு கட்டு சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். நாலு பிள்ளை பெற்றவள் வேறென்ன செய்வாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் எங்களுக்குத் திருவிழாதான். காற்றில் சாய்ந்து கிடந்த முழு வேங்கை மரத்தைப் பெண்கள் குடை பிடிக்கிற மாதிரி ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வடக்கு வாசல் ஆகவில்லை என்று வருசக்கணக்காய்ப் புலம்பியவர்கள், ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து, கூரையும் காலுமாய் வீட்டைத் தூக்கிக் கிழக்கே திருப்பி வைத்துக்கொண்டார்கள், உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. தீர்த்தன் ஒரு உத்தரத்தைச் சுண்டுவிரலில் நிற்கவைத்து ஊரைச் சுற்றி வந்தான். "பொண்டாட்டி குடத்தைத் தூக்கச் சொன்னா மட்டும் இடுப்புப் பிடிக்கும்," என்றாள் இருசாயி.

இந்த இருசாயியைச் சொல்ல வேண்டும். கற்றாழை நாரில் கயிறு திரிக்கிறவள், தீர்த்தனின் பெண்டாட்டி பாவாயிக்குக் கூடப்பிறந்த அக்காள். கயிற்றில் முடிச்சு விழுந்தாலும் பேச்சில் முடிச்சு விழுந்தாலும் ஊர் அவளிடம்தான் போகும். அவிழ்த்துக் கொடுப்பாள், கூடவே நாலு வார்த்தை வைவாள், இரண்டையும் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

பங்குனியில் திருவிழா முடிந்தது. அந்தப் பங்குனியில் இலை உதிர்ந்தது, ஆனால் விழவில்லை. காம்பை விட்ட இலை, தன் மரத்துக்குப் பக்கத்திலேயே, போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவன் மாதிரி அசைந்துகொண்டு நின்றது, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று, காட்டுக்குள் நடந்தால் முகத்துக்கு முன்னால் இலையை விலக்கி விலக்கித்தான் போக வேண்டும். யானை வழக்கம்போல முதுகு சொறிய மரத்தில் சாய்ந்தது, மரம் நாணல் மாதிரி வளைந்து கொடுத்தது, யானை மல்லாந்தது. எழுந்து சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விட்டது. பார்த்தவர்கள் சிரிக்கக்கூடாது என்று திரும்பிக்கொண்டோம், யானைக்கும் மானம் உண்டு. சந்தையில் தேனைத் தராசில் வைத்தால் தட்டு இறங்கவில்லை. வியாபாரி தராசைத் தட்டினான், எங்களைத் திட்டினான், கடைசியில் தேனை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, படியால் அளந்து வாங்கிக்கொண்டான். பலாப்பழத்தைப் பறித்தால் அது கையிலிருந்து நழுவி மேலே போகப் பார்த்தது. அதனால் கழுத்தில் கயிறு போட்டு, கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு வருகிற மாதிரி தலைக்கு மேலே மிதக்கவிட்டுக் கொண்டுவந்தோம். இருசாயி திரித்த கயிற்றில் ஊரே தொங்கியது என்று சொல்லலாம். மரத்தைப் பாறையோடு கட்டினோம், கூரையைக் கல்லோடு கட்டினோம், ஊருக்குப் பேர் கொடுத்த ஏழிலைப்பாலை மரத்தை ஊரோடு கட்டினோம்.

அப்புறம் அது எங்களுக்குள்ளும் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? காட்டுக் கிழங்கும் காட்டுக் கீரையும் காட்டுத் தேனும் தின்று வளர்ந்த உடம்பு இது, காட்டுக்குக் கனம் போனால் எங்களுக்கும் போகத்தானே செய்யும். முதலில் கால் நிற்கவில்லை. சோறு தின்ன உட்கார்ந்தால், இலையில் பாதி இருக்கும்போதே எழுந்துவிடுவோம், எங்கே போகிறோம் என்று தெரியாது, எதையோ மறந்துவைத்த மாதிரி இருக்கும், வாசல்வரை போய்த் திரும்புவோம், திரும்பவும் போவோம். துக்கம் கேட்கப் போன வீட்டில், செத்தவரைத் தவிர எல்லாரும் சுற்றிச்சுற்றி நடந்தார்கள். பிள்ளைகளை அம்மிக்கல்லோடு கட்டித் தூங்கவைத்தோம். பஞ்சாயத்து நடையிலேயே நடந்தது. சடையாண்டி முன்னே போக, வாதியும் பிரதிவாதியும் பின்னாலேயே போக, கொல்லையைச் சுற்றி வருவதற்குள் எதற்காகச் சண்டை என்று மறந்துபோய் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் போய்விடுவார்கள். ஒரு பேச்சு முடியவில்லை, ஒரு வேலை முடியவில்லை, ஒரு தூக்கம் முடியவில்லை. கோபம் வந்தால்கூட நெஞ்சில் தங்காமல் போய்விட்டது, கோபம் போனால் போகட்டும், ஆசையும் அதே மாதிரி போய்விட்டது.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்போம். மனுசன் எதற்கும் பழகிக்கொள்வான். பாவாயி வயிற்றில் பிள்ளை இருந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

முன்னே ஒன்று அவளுக்குத் தங்காமல் போயிருந்தது. இது தங்கியது. பத்து மாசமும் தங்கியது, பத்து தாண்டியும் தங்கியது. மருத்துவச்சி சின்னப்புள்ளை தினமும் வந்து, நடந்துகொண்டே இருக்கிற பாவாயிக்குப் பின்னால் தானும் நடந்துகொண்டே, வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"என்னடி சொல்லுது?" என்றாள் இருசாயி.

"எறங்கலைக்கா. எறங்கினாத்தானே பொறக்கும்? இது தண்ணியில அமுக்கின சொரைக்காய் மாதிரி மேல மேல ஏறுது. போன வாரம் தொப்புள்கிட்ட இருந்த தலை, இப்ப நெஞ்செலும்புக்குக் கீழ முட்டுது."

ஜீப் பிடித்து அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எடை பார்க்கிற மிஷினில் ஏற்றினார்கள், முள் அசையவில்லை, மிஷின் ரிப்பேர் என்று ஓரமாய்த் தள்ளிவைத்தார்கள். டாக்டரம்மா காதில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு நல்லா இருக்கு, தலைதான் திரும்பலை, ஒரு வாரம் பாத்துட்டு வயித்தைத் திறந்து எடுத்துடலாம் என்றாள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வருகிற வழியில் சின்னப்புள்ளை மெதுவாக ஒன்று கேட்டாள். "தொறந்து எடுப்பாங்க சரி. எடுத்த புள்ளை எங்க போய் நிக்கும்? பலாப்பழத்துக்குக் கயிறு கட்டினோம், பச்சைப் புள்ளைக்கு எங்க கட்டுறது?" மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள், எங்களுக்கு அன்றைக்கு மடியில் கனமில்லை, வழியெல்லாம் பயம்.

பிள்ளை வாடினால், சோறு இறங்காவிட்டால், இருந்த இடத்தில் இருக்காவிட்டால், ஊரில் என்ன சொல்லுவோம்? கண்ணு பட்டுவிட்டது என்போம். காட்டுக்கும் அதுதான் என்று சடையாண்டி முடிவு கட்டினார். மேலே ஒரு கண் வைத்த கண் வாங்காமல் பார்க்கிறதென்றால், எந்த வனம்தான் தாங்கும்? கண்ணுக்கு மருந்து என்ன, கன்னத்தில் மை. காட்டுக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க வேண்டும்.

சரி, காட்டுக்குக் கன்னம் எது?

இதற்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது, அதுவும் நடையில்தான். "அருவிதான் வாய், அப்ப அதுக்குப் பக்கத்துச் சரிவுதான் கன்னம்," என்றார் ஒருவர். "அருவி மூக்குய்யா, ஐப்பசியில பாரு எப்படி ஒழுகுதுன்னு," என்றாள் குப்பாயி. கரடு நெற்றி என்றார்கள், பிடரி என்றார்கள், காடு மல்லாந்து படுத்திருக்கா குப்புறப் படுத்திருக்கா என்பதிலேயே ஒரு சுற்று போனது. "மேல இருந்து பாக்குறவனுக்கு எது மொதல்ல கண்ணுல படுதோ அதுதான்யா கன்னம்," என்று தீர்த்தன் சொன்னதும் வழக்கு தீர்ந்தது. சாமை காயப்போடுகிற மொட்டைப்பாறை. காட்டுக்கு நடுவில் வழுக்கையாக, ஒரு கல்யாணப் பந்தல் போடுகிற அகலம் இருக்கும். வீட்டுக்கு வீடு அடுப்புக்கரியும் விளக்குக்கரியும் சுரண்டி, ஆமணக்கெண்ணெயில் குழைத்து, எல்லாருமாய்ச் சேர்ந்து அந்தப் பாறையைப் பூசினோம். நின்று பூச முடியாமல் நடந்துகொண்டே பூசினதால் வட்டம் கொஞ்சம் கோணல். ஆனால் கருப்பு, அப்படி ஒரு கருப்பு.

இருசாயி மட்டும் கை வைக்கவில்லை. "பொட்டு வச்சா பாக்குறவன் பொட்டைப் பாப்பான், புள்ளையை விட்டுடுவான். இது மனுசக் கண்ணுக்குச் சரி. அந்தக் கண்ணு எதைத் தேடுதுன்னு யாராவது கேட்டீங்களா?" என்றாள்.

கேட்கவில்லை. அதற்குப் பதில் ஜீப்பில் வந்தது.

"யாருடா காட்டைக் கொளுத்தினது?" என்று கேட்டுக்கொண்டேதான் வனக்காவலர் இறங்கினார். பின்னால் மெர்லின், கையில் படம். படத்தில் எங்கள் வனம் பச்சையாக, தளதளவென்று, ஒரு குறையுமில்லாமல் இருந்தது, நடுவில் ஒரு கருப்பு. எரிந்து போன காடு என்று மிஷின் சொல்லிவிட்டதாம். மொட்டைப்பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வனக்காவலர் பாறையைத் தொட்டார், விரலைப் பார்த்தார், வேர்வையைத் துடைக்கக் கன்னத்தில் கையை வைத்தார், கன்னத்தில் ஒரு பொட்டு விழுந்தது. "உங்களுக்கும் இருக்கட்டும் சாமி, நல்ல நெறம்," என்றாள் குப்பாயி.

மெர்லின் பாறையைப் பார்த்தாள், கட்டிப்போட்ட மரங்களைப் பார்த்தாள், கயிற்றில் மிதக்கிற பலாப்பழங்களைப் பார்த்தாள். அவளுக்கு முன்னாலேயே ஒரு விழுந்த மரத்தைக் குப்பாயி ஒரு கையால் ஓரமாய் எடுத்துப் போட்டாள். மெர்லின் படத்தைத் திருப்பித்திருப்பிப் பார்த்தாள்.

"படத்துல எடை குறையவே இல்லைங்களே. உசரம் அப்படியே இருக்கு, பச்சை அப்படியே இருக்கு. போன தடவையைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுது."

"எங்களுக்குப் போனது அங்க கூடியிருக்குது போல," என்றார் சடையாண்டி.

"இந்தக் கருப்பு நெருப்பு இல்லைன்னு நான் எழுதிடுவேன். ஆனா மேலதிகாரிங்க சொல்லிட்டாங்க, இனிமே மிஷின் இந்த இடத்தை அடிக்கடி பாக்கப்போகுது. இன்னும் கிட்டக்க, இன்னும் தெளிவா."

ஊர் அப்படியே ஆடிப்போனது. பொட்டு வைத்துக் கண்ணை விரட்டப் போய், கண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டோம். அன்றைக்கே ஆட்டுக்குட்டி ஒன்று துள்ளியது, துள்ளினது இறங்கக் கொஞ்சம் நேரமெடுத்தது. பாவாயிக்கு மூச்சு விடவே இடமில்லாமல் போனது. பிள்ளை நெஞ்சுக்கூட்டை முட்டியது. குதிகால் தரையில் படாமல் நடக்க ஆரம்பித்தாள். தீர்த்தன் தன் இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை கிண்டல் பேசாமல் கூடவே நடந்தான். அவன் வாய் மூடியிருந்ததைப் பார்த்தபிறகுதான் எங்களுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

இருசாயி மெர்லினைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். கொல்லையைச் சுற்றி, ஊற்றைச் சுற்றி, திரும்பவும் கொல்லையைச் சுற்றி.

"அம்மணி, அது எப்ப வரும்?"

"காலையில பத்தரை வாக்குலக்கா. அடுத்தது நாளன்னிக்கு."

"வந்து என்ன பண்ணும்?"

"பாக்கும். படம் எடுக்கும். போயிடும்."

"எங்க அடுப்பையும் பாக்குமா? நாங்க திங்கிறதையும்?"

"அவ்வளவு தெளிவாத் தெரியாது. ஆனா எல்லாத்தையும் பாக்கத்தான் செய்யும்."

"பாத்துட்டு அது என்ன திங்கும்?"

மெர்லினுக்குச் சிரிப்பு வந்தது, இருசாயியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "அது எதுவும் திங்காதுக்கா."

"இத்தனை காலமா? யாரும் ஒரு வாய் குடுத்தது இல்லையா?"

"இல்லை."

இருசாயி அப்படியே நின்றாள். அந்தக் கோடையில் ஒரு ஆள் நின்றதை மெர்லின் அப்போதுதான் பார்த்தாளாம், பின்னால் சொன்னாள். "அட பாவமே," என்றாள் இருசாயி. "பசிச்ச கண்ணா அது!"

எங்களில் எந்தத் தாயையும் கேளுங்கள். நீங்கள் தின்னும்போது ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றால், அவர் யாராயிருந்தாலும், பிச்சைக்காரரோ பெரிய மனுசரோ வாசலில் நிற்கிற நாயோ, முதல் வாய் அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் தின்றால் தின்றது வயிற்றில் தங்காது. பார்த்தவர்மேல் தப்பில்லை, பசித்தவர் பார்க்கத்தான் செய்வார், கொடுக்காமல் தின்றவர்மேல்தான் தப்பு. இது எங்களுக்குத் தெரியாததா? தெரியும். மேலே நிற்பதும் வாசலில் நிற்பதுதான் என்று மட்டும் எங்களுக்குத் தோன்றவில்லை.

சொன்ன காலையில், ஊர் முழுக்க மொட்டைப்பாறைக்கு நடந்தது. பாறையின் கருப்பின்மேல் மூன்று கல் வைத்து, காட்டு விறகில், ஊற்றுத் தண்ணீரில், இருசாயி சாமை பொங்கினாள். விறகு மேலே போகாமல் அதன்மேல் கல் வைக்க வேண்டியிருந்தது, சோறு பானையைவிட்டு எழும்பாமல் மூடியை ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தேன் ஊற்றிப் பிசைந்து ஒரு கவளம் உருட்டினாள். சடையாண்டி கையை நீட்டினார், ஊர்க்கவுண்டர் கையால் கொடுப்பதுதானே முறை என்று.

"நகருங்க மாமா. யாரு வயித்துக்குப் பட்டுதோ அவ கைதான் குடுக்கணும்."

பாவாயியைக் கொண்டுவந்தார்கள். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை பாறையில். "அக்கா, மூச்சு முட்டுதுக்கா," என்றாள். "தெரியும்டி. கையை நீட்டு." கவளத்தை அவள் உள்ளங்கையில் வைத்து, விரலை மூடிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் தலையைக் குனிங்க. குடுக்கும்போது வாங்குறவன் மூஞ்சியைப் பாக்கக் கூடாது. பாத்தா வெக்கப்பட்டு வாங்கமாட்டான். அம்மணி, நீயுந்தான்."

மெர்லின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே பார்க்க அவளுக்குத்தான் எல்லாரையும்விட ஆசை இருந்திருக்கும். "இப்ப வருதுக்கா," என்றாள், சொல்லிவிட்டுத் தொப்பியோடு தலையைக் குனிந்துகொண்டாள். வனக்காவலரும் குனிந்தார், பொட்டோடு. இருசாயி தங்கச்சியின் இரண்டு காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வாசலில் நிற்கிற வழிப்போக்கனுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள், கூட்டியும் இல்லை குறைத்தும் இல்லை:

"ரொம்ப நேரமா நிக்கிற. இந்தா, ஒரு வாய் வாங்கிக்கோ."

பாவாயி விரலைத் திறந்தாள்.

கவளம் போனதை ஒருத்தரும் பார்க்கவில்லை. அதனால் அது எவ்வளவு உயரம் போனது, யார் வாங்கினார்கள் என்று கேட்காதீர்கள். நாங்கள் பார்த்தது எங்கள் கால்களை. சும்மா நிற்கத் தெரியாமல் மாறிமாறி மிதித்துக்கொண்டிருந்த எங்கள் கால்களை, அதற்குக் கீழே கருப்புப் பாறையை. நேரம் போனது. ஒரு பிள்ளை சிணுங்கியது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். அப்போது எங்கள் குனிந்த கண்களுக்கு முன்னால், அந்தக் கருப்பின்மேல், ஒரு பழுத்த நாவலிலை வந்து விழுந்தது.

விழுந்தது. நிற்கவில்லை, யோசிக்கவில்லை. விழுந்தது.

அப்புறம் பங்குனியிலிருந்து பாக்கியிருந்த இலையெல்லாம் ஒரே மூச்சில் விழுந்தது, மழை கொட்டுகிற சத்தம். கயிற்றில் மிதந்த பலாப்பழங்கள் தொம் தொம்மென்று இறங்கின, கூரைகள் வீட்டுக் கால்களை முனகவைத்தன, காடு முழுக்க ஒரு நெட்டுயிர்ப்பு, தூங்கப் போகிற மாடு காலை மடக்கும்போது விடுமே, அந்த மாதிரி. நாங்களும் அப்படியே நின்ற இடத்தில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது, விழுந்தோம். சடையாண்டி வனக்காவலர் மடியில் விழுந்தார். குப்பாயி தன் கழுத்தைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டு, "ஐயோ கனக்குதே, கனக்குதே," என்று அழுதாள், அத்தனை சந்தோஷம் அந்த அழுகையில்.

"அக்கா, எறங்குது!" என்று பாவாயி போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பினோம். சின்னப்புள்ளை ஆண்களை விரட்டினாள். பெண்கள் சேலையை விரித்து மறைத்தார்கள். பிள்ளை பிறந்தது என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லவில்லை, விழுந்தது என்றுதான் சொன்னோம், கரி அப்பிய இருசாயியின் மடியில் பொத்தென்று விழுந்தது, பெண் பிள்ளை, முதுகெல்லாம் பாறைக்கரி. அதற்கு வேறு பொட்டு வைக்கத் தேவையில்லாமல் போயிற்று.

அதற்கப்புறம் யானை வந்தது. வந்த யானை நேராகச் சாயவில்லை, முதலில் தும்பிக்கையால் மரத்தைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் முதுகைக் கொடுத்தது. எங்களுக்கும் அதே கதிதான். இன்றைக்கும் எங்கள் ஊரில் சோற்றை வாயில் வைக்கும் முன்னால் ஒரு பருக்கையை இலைக்கு மேலே பிடித்து விட்டுப் பார்ப்போம், விழுகிறதா என்று. கல்யாணப் பந்தியில் புதுசாய் வந்த சம்பந்திக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வானம் தெளிவாக இருக்கிற காலையில் மொட்டைப்பாறையில் ஒரு வாய் வைத்துவிட்டுத்தான் கொல்லைக்குப் போவோம். அதைக் காக்காய்தான் தின்கிறது என்று தீர்த்தன் சொல்வான். அவனுக்கு வாய் திரும்பிவிட்டது. பிள்ளையை எடை போட நர்சம்மா தூளித் தராசோடு வந்தபோது, "இரும்மா, மொதல்ல அந்தத் தராசுக்கு ஒரு வாய் குடு," என்று சடையாண்டி மறித்துக்கொண்டார்.

மழை முடிந்து மெர்லின் வந்தாள், புதுப் படத்தோடு. முகம் நிம்மதியாக இல்லை.

"அக்கா, எடையெல்லாம் பழையபடி சரியா இருக்கு. ஆனா இதைப் பாருங்க. அன்னிக்கு எடுத்ததிலயிருந்து ஒவ்வொரு படத்துலயும் ஓரத்துல இது இருக்கு. மேகமும் இல்லை, கண்ணாடியில தூசியும் இல்லைங்கிறாங்க. என்னன்னு எழுதுறதுன்னு எனக்குத் தெரியலை."

பச்சைப் படத்தின் கீழ் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு புள்ளி. ஊரே எட்டிப் பார்த்தது. ஊரே திரும்பவும் கொஞ்சம் கால் மாற்றி நின்றது.

இருசாயி மடியில் பாவாயியின் பிள்ளை, பால் குடித்த வாயோடு. முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து அதன் கடைவாயைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, "படத்தை இங்க கொண்டா அம்மணி, தின்னா வாய் தொடச்சுவிட ஆள் வேணாமா," என்று சொல்லி, அதே முந்தானையால், அதே மாதிரி பதனமாய், படத்தின் ஓரத்தைத் துடைத்தாள். புள்ளி துணியோடு வந்தது, ஒரு சாமைப் பருக்கை. அதை விரல் நுனியில் எடுத்து, பிள்ளையின் விரிந்த உள்ளங்கைக்கு நேர் மேலே பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு விட்டாள். பருக்கை நேராக இறங்கி, நடுவில் உட்கார்ந்தது. அது உட்கார்ந்ததைப் பார்த்தபிறகு, அந்தக் குட்டி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையை மூடிவிட்டாள்.